முதுகில் குண்டோடு 79 நாள்: ஜேம்ஸ் கார்ஃபீல்டின் கதை

1881 செப்டம்பர் 20. நியூ ஜெர்சி கடற்கரையில் எல்பெரன் என்ற இடத்தில் ஒரு வீடு. முந்தின நாள் இரவு இறந்துபோன அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டின் உடலை மருத்துவர்கள் அறுத்துப் பார்க்கிறார்கள். எழுபத்தொன்பது நாளாக அவர்கள் தேடிக்கொண்டிருந்த குண்டு அந்த உடம்புக்குள்தான் இருக்கிறது. வலப்பக்கத்தில், கல்லீரலை ஒட்டி இருக்கிறது என்று தலைமை மருத்துவர் அடித்துச் சொல்லிவந்தார். அங்கே குண்டு இல்லை, சீழ் இறங்கி உண்டான ஒரு நீண்ட பள்ளம்தான் இருந்தது. குண்டு போன தடம் என்று அவர்கள் நினைத்திருந்தது அதைத்தான். அவர்களுடைய விரல்களும் கருவிகளும் தோண்டித் தோண்டி உண்டாக்கிய தடம் அது. குண்டோ இடப்பக்கத்தில், கணையத்துக்குப் பின்னால், சுற்றிலும் திசு வளர்ந்து மூடிய நிலையில் பேசாமல் கிடந்தது.

கார்ஃபீல்டுக்கு அப்போது வயது 49. பதவியில் இருந்தது 199 நாள். அதில் 79 நாள் படுக்கையில். லிங்கனையும் கென்னடியையும் தெரிந்த பலருக்கு இவர் பெயர் தெரியாது. தெரிந்தவர்களும் ‘ஒரு பைத்தியக்காரன் சுட்டுக் கொன்றுவிட்டான்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சுட்டது சார்லஸ் கிட்டோ என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் கையில் துப்பாக்கியைக் கொண்டுவந்து சேர்த்தது அன்றைய அரசாங்கத்தின் ஒரு பழக்கம். அந்தக் காயம் உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போனது அன்றைய மருத்துவத்தின் ஒரு பழக்கம். இரண்டுக்கும் மாற்று வழி அப்போதே தெரிந்திருந்தது. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தை உறுத்துவது அதுதான்.

கார்ஃபீல்டு பிறந்தது 1831 நவம்பரில், ஒஹையோ மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிசையில். ஒன்றரை வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா எலைசா நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைத்து, மிச்ச நிலத்தில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். பையனுக்குக் கப்பலில் போக ஆசை. பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவனுக்குக் கிடைத்தது கடல் அல்ல, கால்வாய். படகில் கட்டிய கயிற்றைக் கரையிலிருந்து இழுத்துச் செல்லும் கால்நடைகளை ஓட்டும் வேலை. ஆறு வாரத்தில் பதினான்கு முறை தண்ணீரில் விழுந்ததாக அவரே பின்னாளில் கணக்குச் சொல்லியிருக்கிறார். நீச்சல் தெரியாது. ஓர் இரவு விழுந்தபோது கையில் அகப்பட்ட கயிறு படகின் ஏதோ ஓர் இடுக்கில் சிக்கிக்கொண்டதால் பிழைத்தார். தன்னை எதற்காகவோ கடவுள் மிச்சம் வைத்திருக்கிறார் என்ற எண்ணம் அன்றிலிருந்து அவருக்குள் ஊன்றிவிட்டது. மலேரியாவோடு வீடு திரும்பியவரிடம் அம்மாவும் அண்ணனும் சேர்த்து வைத்திருந்த 17 டாலரைக் கொடுத்துப் படிக்க அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் அவர் ஏறிய வேகம் பிரமிப்பானது. ஹைரம் என்ற ஊரின் கல்வி நிலையத்தில் கூட்டிப் பெருக்கிச் சம்பளத்தைக் கட்டணத்துக்குக் கழித்துக்கொண்டு படித்தார். அங்கேயே பாடமும் நடத்தினார். மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 26 வயதில் தான் பெருக்கிய அதே நிலையத்துக்குத் தலைவரானார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பிரசங்கம், அப்புறம் சட்டப் படிப்பு, மாநில செனட் என்று எல்லாம் அடுத்தடுத்து வந்தன. உள்நாட்டுப் போர் வெடித்ததும் ஒஹையோவின் 42-ஆம் காலாட்படைப் பிரிவுக்குக் கர்னல் ஆனார். அதில் சேர்ந்தவர்களில் பலர் அவருடைய மாணவர்கள். 1862 ஜனவரியில் கென்டக்கியில் மிடில் கிரீக் சண்டைக்குத் தலைமை தாங்கினார். 1863 முடிவதற்குள் மேஜர் ஜெனரல் ஆகி, லிங்கனின் வற்புறுத்தலில் படையை விட்டு நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபைக்குப் போனார். பதினேழு ஆண்டுகள் அங்கேதான் இருந்தார்.

கணித ஆசிரியர்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் இங்கே உண்டு. 1876-இல் பிதாகரஸ் தேற்றத்துக்கு ஒரு புதிய நிரூபணத்தைக் கார்ஃபீல்டு வெளியிட்டார். ஒரே அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்களை ஒரு கோட்டின்மேல் அடுத்தடுத்து, ஒன்றை நிற்க வைத்து, மற்றொன்றைப் படுக்க வைத்து, மேல்முனைகளை இணைத்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு செங்கோண முக்கோணம் தானாக விழும். சரிவகத்தின் பரப்பை நேராக ஒரு முறை கணக்கிடுங்கள். மூன்று முக்கோணங்களின் பரப்பைத் தனித்தனியாகப் பார்த்துக் கூட்டுங்கள். இரண்டையும் சமன்படுத்தினால் தேற்றம் வந்து நிற்கும். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

அவருக்குக் கறைகளும் உண்டு. கிரெடி மொபிலியே என்ற ரயில்பாதைப் பங்கு ஊழலில் 329 டாலர் வாங்கினார் என்று பெயர் அடிபட்டது. அவர் மறுத்தார், தொகுதி மக்களும் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள், ஆனாலும் அந்தப் பேச்சு முழுதாக ஓயவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அழுத்தமாக நின்றார். அடிமைத்தனம் ஒழிந்தால் போதாது, கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையும் வேண்டும் என்றார். அதிபராகப் பதவியேற்ற உரையிலும், அவர்கள் அடிமை நிலையிலிருந்து முழுக் குடியுரிமைக்கு உயர்ந்ததுதான் அரசியல் சட்டம் வந்த பிறகு நாடு கண்ட மிகப் பெரிய அரசியல் மாற்றம் என்று சொன்னார். தென் மாநிலங்களில் அந்த உரிமையைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது.

அவர் அதிபரான விதமே விசித்திரம். 1880 ஜூனில் சிகாகோவில் குடியரசுக் கட்சியின் மாநாடு. இரண்டு முறை அதிபராக இருந்த கிராண்டை மூன்றாம் முறை நிறுத்த ஒரு கோஷ்டி முனைந்தது. அதற்குத் தலைவர் நியூயார்க் செனட்டர் ராஸ்கோ காங்க்லிங். எதிர்க்கோஷ்டி ஜேம்ஸ் பிளெயின் பக்கம். கார்ஃபீல்டு போனது இரண்டு பேருக்காகவும் இல்லை. தன் மாநிலத்துக்காரரான ஜான் ஷெர்மனின் பெயரை முன்மொழியப் போனார். முதல் சுற்றில் கிராண்டுக்கு 304, பிளெயினுக்கு 284, ஷெர்மனுக்கு 93. வெற்றிக்கு 379 வேண்டும். சுற்றுக்கு மேல் சுற்றாக வாக்கெடுத்தும் யாரும் அசையவில்லை. 34-ஆவது சுற்றில் விஸ்கான்சின் பிரதிநிதிகள் திடீரென்று 16 ஓட்டைக் கார்ஃபீல்டுக்குப் போட்டார்கள். என் சம்மதம் இல்லாமல் என் பெயருக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று அவர் எழுந்து ஆட்சேபித்தார். அவைத் தலைவர் உட்காரச் சொல்லிவிட்டார். 36-ஆவது சுற்றில் 399 ஓட்டு அவருக்கு. தோற்ற கோஷ்டியைச் சமாதானப்படுத்தத் துணை அதிபர் இடம் காங்க்லிங்கின் ஆளான செஸ்டர் ஆர்தருக்குப் போனது. நவம்பர் தேர்தலில் கார்ஃபீல்டு ஜெயித்தார். நாடு முழுதும் பதிவான வாக்கில் வித்தியாசம் பத்தாயிரம்கூட இல்லை.

இங்கேதான் அந்த முதல் பழக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைய அமெரிக்காவில் அரசு வேலை என்பது ஜெயித்தவர்களின் கொள்ளைப் பொருள். தபால் அலுவலர், சுங்க எழுத்தர், வெளிநாட்டுத் தூதர் எல்லாமே கட்சிக்கு உழைத்தவர்களுக்குக் கூலி. ஆட்சி மாறினால் ஆட்களும் மாறுவார்கள். வேலை கிடைத்தவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்குக் கட்ட வேண்டும். இதில் பெரிய பொக்கிஷம் நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகம். நாட்டின் சுங்க வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஒரு கட்டடத்துக்குள் வந்தது. அதன் தலைவர் பதவி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் நியூயார்க் கட்சி இருந்தது. ஆர்தர் அந்தப் பதவியில் இருந்தவர்தான். முந்தைய அதிபர் ஹேய்ஸ் 1878-இல் அவரை அதிலிருந்து நீக்கியிருந்தார்.

1881 மார்ச் 4-ஆம் தேதி கார்ஃபீல்டு பதவியேற்றார். அதிபராகும் மகனின் பதவியேற்பை நேரில் பார்த்த முதல் தாய் எலைசாதான். மறுநாளிலிருந்து வெள்ளை மாளிகை வாசலில் வரிசை. வேலை கேட்டு வந்தவர்கள் மாடிப்படிவரை நின்றார்கள். நாட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரமெல்லாம் இந்தச் சந்திப்புகளிலேயே கரைந்தது. இந்த இடத்துக்கு வர மனிதன் ஏன்தான் ஆசைப்படுகிறானோ என்று கார்ஃபீல்டே அலுத்துக்கொண்டார். அந்த அலுப்போடு ஒரு காரியம் செய்தார். நியூயார்க் சுங்கத் தலைவராக, காங்க்லிங்குக்குப் பிடிக்காத வில்லியம் ராபர்ட்சனை நியமித்தார். மே 16-ஆம் தேதி காங்க்லிங் செனட் பதவியையே தூக்கி எறிந்தார். மாநிலச் சட்டமன்றம் தன்னை மறுபடி தேர்ந்தெடுத்துப் பெரிய வெற்றியாக அனுப்பிவைக்கும் என்று கணக்குப் போட்டார். சட்டமன்றம் அனுப்பவில்லை. அதிபர் ஜெயித்துவிட்டார்.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவன் சார்லஸ் கிட்டோ. வக்கீலாக, ஊர் ஊராகப் போகும் பிரசங்கியாகத் தோற்றவன். தங்கிய விடுதிகளுக்கு வாடகை கொடுக்காமல் ஓடுவது வழக்கம். தேர்தலுக்காக ஒரு பேச்சு எழுதி அச்சடித்தான். கிராண்டுக்காக எழுதியதில் பெயரை மாற்றிக் கார்ஃபீல்டுக்கு ஆக்கிக்கொண்டான். இந்தப் பேச்சால்தான் அதிபர் ஜெயித்தார், ஆகவே தனக்குப் பாரிஸ் தூதரகத்தில் பதவி தர வேண்டும் என்பது அவன் வாதம். வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் வாரக்கணக்கில் நடந்தான். கடைசியில் வெளியுறவு அமைச்சர் பிளெயின், உயிரோடு இருக்கும்வரை பாரிஸ் பற்றி என்னிடம் பேசாதே என்று கத்திவிட்டார். அவன் மனநிலை சரியில்லாதவன் என்பது உண்மை. ஆனால் அவன் பித்தம் பிடித்த வடிவம் நாட்டில் இருந்த வழக்கத்தின் வடிவம். உழைத்தேன், கூலி கொடு என்றுதான் அங்கே எல்லோரும் கேட்டார்கள். கட்சிப் பிளவுக்குக் காரணமான அதிபரை அகற்று என்று கடவுளே சொன்னதாக அவன் முடிவுக்கு வந்தான். கடன் வாங்கிய பணத்தில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட யோசித்தான். தன்னை அடைக்கப்போகும் சிறை வசதியாக இருக்குமா என்றும் முன்கூட்டிப் பார்க்கப் போனான்.

அதிபருக்குக் காவல் என்று எதுவும் கிடையாது. லிங்கன் கொலையான பதினாறு ஆண்டுக்குப் பிறகும் கிடையாது. ஜூலை 2-ஆம் தேதி காலை, வாஷிங்டனின் பால்டிமோர்-போடோமாக் ரயில் நிலையத்துக்குக் கார்ஃபீல்டு பிளெயினோடு பேசிக்கொண்டே நுழைந்தார். மூத்த மகன்கள் இருவரும் உடன் போகிறார்கள். வில்லியம்ஸ் கல்லூரியின் விழாவுக்குப் பயணம். பெண்கள் காத்திருப்பு அறையில் பின்னாலிருந்து இரண்டு வெடிச் சத்தம். ஒன்று கையை உரசிப் போனது. மற்றொன்று முதுகில் பாய்ந்து, விலா எலும்பை உடைத்து, ஒரு முதுகெலும்பைத் துளைத்துக்கொண்டு போனது. தண்டுவடத்தில் படவில்லை. பெரிய உறுப்பு எதிலும் படவில்லை. ‘இனி ஆர்தர் அதிபர்’ என்ற பொருளில் கத்தியபடி கிட்டோ பிடிபட்டான்.

நிலையத்தில் இருந்தவர்களில் போர்த்துறை அமைச்சர் ராபர்ட் லிங்கனும் ஒருவர். ஆப்ரகாம் லிங்கனின் மகன். தன் தந்தை உயிர் பிரிந்த அறையில் நின்றவர். அவர்தான் டாக்டர் வில்லர்டு பிளிஸுக்கு ஆள் அனுப்பினார். குண்டு வலப்பக்கத்தில் இருக்கிறது என்று கடைசிவரை அடித்துச் சொன்ன தலைமை மருத்துவர் இவர்தான். பிளிஸ் வந்து, அதிபரைக் கிடத்தியிருந்த மெத்தையருகே மண்டியிட்டு, காயத்துக்குள் விரலை விட்டார். பிறகு கம்பிபோன்ற கருவியை விட்டார். கழுவவில்லை. அவருக்கு முன்னால் வந்த மருத்துவரும் விரலை விட்டுத்தான் பார்த்திருந்தார்.

கிருமிநாசினியால் கையையும் கருவியையும் காயத்தையும் சுத்தம் செய்தால் சீழ் பிடிப்பதைத் தடுக்கலாம் என்று பிரிட்டனில் ஜோசப் லிஸ்டர் 1867-இலேயே எழுதிவிட்டார். 1876-இல் பிலடெல்பியாவுக்கே வந்து அமெரிக்க மருத்துவர்கள் முன்னால் மணிக்கணக்கில் விளக்கினார். இளைய மருத்துவர்கள் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். பெரியவர்கள் பலருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று மனிதனைக் கொல்லும் என்பதை நம்ப மனம் வரவில்லை. உள்நாட்டுப் போரில் நூற்றுக்கணக்கில் குண்டுக் காயம் பார்த்த கை தங்கள் கை என்ற பெருமை அவர்களுக்கு. உடம்புக்குள் குண்டோடு பல ஆண்டுகள் வாழ்ந்த போர்வீரர்கள் அப்போது அமெரிக்காவெங்கும் இருந்தார்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். தொடாமல் விட்டிருந்தாலே கார்ஃபீல்டு பிழைத்திருக்கக்கூடும் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள்.

வெள்ளை மாளிகை அறையில் வாஷிங்டனின் ஜூலை வெக்கை. கடற்படைப் பொறியாளர்கள் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணிகளின் வழியே காற்றை ஊதி அறைக்குள் அனுப்பும் ஒரு சாதனத்தைச் செய்து, வெப்பத்தை நன்றாகவே குறைத்தார்கள். இன்னொரு பக்கம், தொலைபேசியைக் கண்டுபிடித்து ஐந்தாண்டே ஆகியிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உடம்பைக் கிழிக்காமல் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்தார். மின்சுருள்களை உடம்பின்மேல் நகர்த்தும்போது உலோகம் நெருங்கினால், காதில் வைத்த தொலைபேசிக் குழலில் சத்தம் கேட்கும். உடம்பில் பழைய குண்டு இருந்த போர்வீரர்களிடம் சோதித்து வேலை செய்வதை உறுதிப்படுத்திக்கொண்டார். ஜூலை 26-இல் முதல் முயற்சி சரிவரவில்லை, இணைப்பில் ஒரு பிழை. ஆகஸ்ட் 1-இல் மறுபடி வந்தார். பிளிஸ் வலப்பக்கத்தை மட்டும்தான் காட்டினார். குழலில் மெல்லிய சத்தம், ஆனால் ஓர் இடத்தில் இல்லை, பரவலாகக் கேட்டது. படுக்கைக்கு அடியில் கம்பிச் சுருள் மெத்தை இருந்தது பெல்லுக்குப் பிறகுதான் தெரிந்தது. சத்தம் கேட்டதையே தன் கணிப்புக்குச் சான்று என்று பிளிஸ் எடுத்துக்கொண்டார். கருவியைப் பக்கவாட்டில் ஒரு கை அகலம் நகர்த்தவிட்டிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கார்ஃபீல்டின் எடை 95 கிலோவிலிருந்து 60-க்குக் கீழே இறங்கியது. வாய்வழி உணவு தங்காததால் ஆசனவாய் வழியே சாறு செலுத்தினார்கள். யார் மேலும் எரிந்து விழாமல், பார்க்க வந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டு கிடந்தார் என்று அருகில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடலைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவர் விருப்பம். செப்டம்பர் 6-இல் எல்பெரனுக்குச் சிறப்பு ரயில். பிரதான பாதையிலிருந்து அந்த வீட்டு வாசல்வரை, நோயாளி குலுங்கக் கூடாது என்று, ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கடைசி ஏற்றத்தில் எஞ்சின் திணறியபோது ஆட்கள் பெட்டியைக் கையால் தள்ளினார்கள். பதினாறு வயதில் கப்பல் ஆசையோடு கிளம்பிய மனிதர், ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி பதின்மூன்று நாள் இருந்தார். செப்டம்பர் 19 இரவு 10.35-க்கு உயிர் போனது. ‘நான் சுட்டேன், கொன்றது மருத்துவர்கள்’ என்று கிட்டோ நீதிமன்றத்தில் வாதாடினான். 1882 ஜூன் 30-இல் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

நாடே அஞ்சியது ஆர்தரை எண்ணித்தான். கொள்ளைப் பங்கு அரசியலிலேயே வளர்ந்தவர் அதிபர் நாற்காலியில். ஆனால் அவரே 1883 ஜனவரி 16-இல் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசு வேலைக்குத் தேர்வு, கட்சி காரணத்துக்காக நீக்கக் கூடாது, ஊழியரிடம் கட்சி நிதி பிடுங்கக் கூடாது. தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் பொருந்தியது, பிறகு படிப்படியாக விரிந்தது. இதற்கு வடிவம் கொடுத்த டோர்மன் ஈட்டன், பிரிட்டனின் தேர்வு முறையை நேரில் ஆராய்ந்தவர். அந்தப் பிரிட்டிஷ் முறைக்கு 1854-இல் அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் சார்லஸ் டிரெவெல்யன். 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் அவர்தான். ஐ.சி.எஸ். போட்டித் தேர்வும் 1855-இலேயே நடக்கத் தொடங்கியிருந்தது. வழி தெரியாமல் அமெரிக்கா தவித்தது என்று சொல்ல முடியாது.

ஆர்தர் ஏன் மாறினார்? பல காரணம் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு கடிதம். கார்ஃபீல்டு சாகக் கிடந்த 1881 ஆகஸ்ட் கடைசியில், நியூயார்க்கில் உடல்நலமின்றி வீட்டோடு இருந்த ஜூலியா சாண்ட் என்ற 31 வயதுப் பெண் ஆர்தருக்கு எழுதினார். மக்கள் கலங்குவது அவர் சாகிறார் என்பதால் மட்டுமல்ல, அடுத்து நீங்கள் வருகிறீர்கள் என்பதால்தான் என்று முகத்துக்கு நேரே எழுதிவிட்டு, உங்களால் திருந்த முடியும், திருந்துங்கள் என்று கேட்டார். அதன்பின் தொடர்ந்து எழுதினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் அதிபரின் வண்டி அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் வந்து நின்றது. 1886 நவம்பரில் சாகும் தறுவாயில் ஆர்தர் தன் காகிதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லிவிட்டார். ஜூலியாவின் 23 கடிதங்கள் மட்டும் நெருப்பில் போகவில்லை. 1958-இல் ஆர்தரின் பேரனிடம் அவை கிடைத்தன.